பால் வற்றிய மரத்துக்கு மருந்து

சின்ன மாமா ஒரு பிளேஸ்டேஷன் நன்றாக ஓடுகிறதா இல்லையா என்று டிவியைப் பார்த்துச் சொல்ல மாட்டார், காதால் கேட்டுத்தான் சொல்வார். அவருடைய வீடியோ கேம் கடையில் எட்டு டிவி, எட்டு செட், எட்டிலும் சத்தம், வெளியே பஸ் ஸ்டேண்டின் இரைச்சல். இத்தனைக்கும் நடுவில் கல்லாவில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பவர் திடீரென்று தலையைத் தூக்கி, "ஆறாம் நம்பர் இழுக்குது, கவுத்துப் போடுடா" என்பார். நான் ஓடிப்போய் ஆறாம் நம்பர் செட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பேன். நின்றுபோன படம் திரும்ப ஓட ஆரம்பிக்கும், விளையாடிக்கொண்டிருந்த பையன் என்னை ஏதோ மந்திரவாதியைப் போலப் பார்ப்பான். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுனில் அப்போது ஒரு மணி நேரம் விளையாட 2 வெள்ளி, அதாவது 2 ரிங்கிட். சனி ஞாயிறு கடையில் கூடமாட இருந்தால் எனக்கு இலவசம்.

கவிழ்த்துப் போட்டால் ஏன் ஓடியது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷன்களில் லேசர் லென்ஸைச் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் போகிற சட்டம் பிளாஸ்டிக்கில் இருந்தது, அது போகிற தண்டவாளமும் அப்படியே. போதாததற்கு அதைப் பவர் சப்ளைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். சூடும் தேய்மானமும் சேர்ந்து சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், லென்ஸ் தட்டை, அதாவது கேம் இருக்கிற சிடியை, நேராகப் பார்க்காது. தலைகீழாக வைத்தால் புவியீர்ப்பு மறுபக்கம் இழுத்து, சாய்ந்தது கொஞ்சம் நிமிரும். பிற்கால மாடல்களில் லேசரை இடம் மாற்றிவிட்டார்கள். மாமாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. ஆனால் டிக் டிக் என்று தட்டினால் லென்ஸ் இடம் தேடுகிறது, கர்ரென்று இழுத்தால் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்துவிட்டது, சுற்றிச் சுற்றி நின்றால் மோட்டார் என்று அவருக்கென்று ஒரு நாடி சாஸ்திரமே இருந்தது.

இந்தச் சத்தங்களோடு வளர்ந்ததால்தானோ என்னவோ, பழைய செட்டிலிருந்து தட்டைப் படிக்கிற டிரைவைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் மெமரி கார்டு செருகுகிற ஒரு சர்க்யூட் பலகையை மாட்டுகிறவர்களைப் பல வருடம் நான் கேலி செய்துகொண்டிருந்தேன். ஈப்போவில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், என்னைப் போலவே பழைய செட் பைத்தியம். அவர் தன்னுடைய சாட்டர்ன் என்கிற பழைய கேம் செட்டுக்கு அப்படி ஒன்றை மாட்டியபோது, "நாதஸ்வரத்தை எடுத்துட்டு கேசட் போட்ட கல்யாணம் மாதிரி இருக்கு" என்று சொன்னேன். நல்ல வசனம் என்று எனக்கே ஒரு பெருமை. இப்போது அது நினைவுக்கு வரும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

மாமாவின் டிரீம்காஸ்ட்

கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. செட்டுகளில் பெரும்பாலானவை கைமாறிப் போய்விட்டன. ஒன்றை மட்டும் மாமா விற்கவில்லை, அது கடைக்கென்று வாங்கியதும் இல்லை, தனக்காக வாங்கியது. ஜப்பான் டிரீம்காஸ்ட், செகா கம்பெனியின் கேம் செட். 100 வோல்ட் செட் என்பதால் அதனோடு செங்கல் கனத்தில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் உண்டு. அதைவிட இரண்டு மடங்குக்கு மேலான நம் ஊர் வோல்ட்டில் நேராகச் செருகினால் என்ன ஆகும் என்று கடையில் ஒருமுறை ஒரு பையன் பார்த்துவிட்டான், அந்த வாடை இரண்டு நாள் போகவில்லை. அது வேறு செட், நல்லவேளை.

போன வருடம் பள்ளி விடுமுறையில் மாமா அந்த டிரீம்காஸ்டை மைலோ அட்டைப்பெட்டி ஒன்றில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேரன் கோலாலம்பூரிலிருந்து வருகிறான், எட்டு வயது, அவனுக்குக் காட்ட வேண்டுமாம். ஆன் செய்தேன். அந்த ஆரஞ்சுச் சுழி வந்தது, அப்புறம் தட்டு எடுக்கவில்லை. மூடியைத் திறந்து மூடினால் மூன்று தடவைக்கு ஒரு தடவை எடுத்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மோட்டார் நல்லாதான் சுத்துது. கண்ணுதான் மங்கிப்போச்சு" என்றார். லேசரைச் சொல்கிறார்.

சரியான நோய்தான். சிடி படிக்கிற லேசர் 780 நானோமீட்டர் அலைநீளத்தில், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக இருக்கும். அந்த ஒளி தட்டில் பட்டுத் திரும்பி வருவதை உணரிகள் வாங்கி, குழி எது மேடு எது என்று பிரிக்கின்றன. லென்ஸ் தட்டைத் தொடுவதே இல்லை, மெல்லிய கம்பிச் சுருள்களின் காந்தவிசையில் மிதந்தபடி நொடிக்கு நொடி தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இத்தனை நுணுக்கமும் ஒரு சின்ன டயோடின் வெளிச்சத்தை நம்பி நிற்கிறது. வயதானால் டயோடு மங்கும், அதே வெளிச்சத்துக்கு அதிக மின்சாரம் கேட்கும். டிரீம்காஸ்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதனுடைய ஜிடி-ராம் தட்டு சிடியின் உடம்புதான், ஆனால் வெளிப் பகுதியில் தடங்களை நெருக்கி வைத்து ஏறத்தாழ 1 ஜிபி அடைத்திருப்பார்கள். மங்கிய கண்ணுக்கு நெருக்கமான எழுத்து. டிரீம்காஸ்டை விட்டால் செகாவின் சில ஆர்கேட் இயந்திரங்களில்தான் ஜிடி-ராம் இருந்தது, 2001-இல் செகா டிரீம்காஸ்ட் தயாரிப்பையும் நிறுத்திவிட்டது. பிளேஸ்டேஷனுக்காவது மாற்று லேசர் செய்து விற்கிறார்கள். இதற்குப் பழைய செட்டிலிருந்து உருவிய டிரைவை வாங்க வேண்டும், அதுவும் அதே வயதுக் கிழவன்தான்.

அதனால் நான் எல்லோரும் செய்வதைச் செய்தேன். லென்ஸை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன், பழைய கிரீஸை வழித்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். கொஞ்சம் தேவலை, ஆனால் போதவில்லை. அடுத்து, டிரைவின் சின்னப் பலகையில் கடுகளவு திருகு ஒன்று இருக்கிறது, பொட்டென்ஷியோமீட்டர், லேசருக்குப் போகிற மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது. மல்டிமீட்டரை வைத்துப் பழைய அளவைக் குறித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, ஒரு மயிரிழை திருப்பினேன். மூடினேன். சுழி வந்தது, அப்புறம் கேமும் வந்தது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. மாமா கைதட்டினார். நான் டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டேன்.

அப்பா சொன்னது

இதையெல்லாம் அப்பா வாசலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு கேமும் தெரியாது, லேசரும் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் மரம் மரமாக நின்றவர், தோட்டம் செம்பனைக்கு மாறியபின் இந்தத் தமானுக்கு, இந்தக் குடியிருப்புக்கு, வந்துவிட்டோம். "இப்ப என்னா பண்ணே?" என்று கேட்டார். விளக்கினேன். வெளிச்சம் குறைந்துவிட்டது அப்பா, கரண்டைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன், இப்போது படிக்கிறது. அவர் கோப்பியை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "பால் வத்துன மரத்துக்கு மருந்து பூசுன மாதிரி சொல்லு" என்றார். அதோடு பத்திரிகையைப் பிரித்துவிட்டார்.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இது என்னவென்று புரியாமல் போகலாம். ரப்பர் மரம் 25, 30 வருடம் பால் தரும். பட்டையைச் சீவும்போது ரொம்ப ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகச் சீவினால் பால் வராது, இந்த இடைவெளியில்தான் ஒரு வெட்டுக்காரரின் கை நிற்கிறது. வயதாகிப் பால் குறைந்தால் எத்தெப்பான் என்கிற மருந்தை வெட்டுக்கோட்டில் பூசுவார்கள். பால் உறையாமல் நெடுநேரம் வடியும், பால் பிடிக்கிற மங்கு நிறையும், தோட்டக் கணக்கு எழுதுகிற கிராணிக்குச் சந்தோஷம். ஆனால் மிதமிஞ்சிப் பூசினால் பட்டை காய்ந்து ஒரு நாள் சொட்டுப் பாலும் வராது. வெட்டிச் சாய்க்கப்போகிற மரங்களுக்குக் கடைசி வருடங்களில் கணக்குப் பார்க்காமல் பூசுவது வழக்கம், எப்படியும் சாகப்போகிற மரம், கிடைத்தவரை எடு. அப்பாவுக்கு அந்த வேலை பிடிக்காது. மருந்து பூசிய மரத்தில் வடிகிற பாலைப் பார்த்தால் காய்ச்சல்காரன் பேசுகிற பேச்சு மாதிரி இருக்கும் என்று சின்ன வயதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அப்பாவின் பேச்சைக் காதில் வாங்காதது போல நடந்துகொண்டேன். ஆனால் அன்று ராத்திரி அது உள்ளே கிடந்து குடைந்தது. மங்கிய டயோடுக்கு மின்சாரத்தைக் கூட்டினால் அது இன்னும் வேகமாக மங்கும், இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் திருப்பினேன். டிரைவைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதனுடைய மிச்ச ஆயுளை மூன்று வாரத்தில் வடிக்க ஏற்பாடு செய்திருந்தேன். மூன்று வாரம் என்று சும்மா சொல்லவில்லை, சரியாக அவ்வளவுதான் ஓடியது. பேரன் வந்து இரண்டாம் நாள் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், அரை நாள் ஓடியது. அப்புறம் எவ்வளவு திருப்பியும் தட்டு சுற்றவே இல்லை. தட்டு இருக்கிறது என்பதே லேசருக்குத் தெரியாவிட்டால் மோட்டார் ஏன் சுற்றப்போகிறது. பையன் பேசாமல் போனை எடுத்துக்கொண்டான். மாமா என்னை ஒன்றும் சொல்லவில்லை, "விடுடா தம்பி, பழைய சாமான்தானே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நான் கேலி செய்த அந்த ஈப்போ நண்பர்தான் பலகை வாங்க வழி சொன்னார். சாட்டர்னுக்கு மாட்டியபோது கழற்றிய டிரைவை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். துடைத்து, பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி வைத்திருக்கிறாராம். அது ஓடிக்கொண்டிருந்தபோதே கழற்றிவிட்டாராம், இன்னும் ஓடும். நான் டிரைவை மதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கொன்றுவிட்டேன், மதிக்கத் தெரியாதவர் என்று நான் நினைத்த ஆள் அதை உயிரோடு ஓய்வு கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்.

ஈயம் வேண்டாத வேலை

ஹார்டுவேர் ஹேக்கிங் என்றதும் புகை பறக்க ஈயம் பற்றவைக்கிற காட்சிதான் எனக்குத் தோன்றும். டிரீம்காஸ்ட் அந்த வகையில் ஏமாற்றிவிட்டது. செட்டின் அடியில் வட்டத்துக்குள் ஒரு எண் இருக்கும், மாமாவுடையதில் 1. பெரும்பாலான பலகைகள் அந்த ரகத்துக்குத்தான் ஒத்துவரும். பக்கவாட்டில் இருக்கிற மோடத்தைக் கழற்றினால் ஒளிந்திருக்கிற நாலாவது திருகு தெரியும். மூடியைத் தூக்கி, டிரைவின் மூன்று திருகைக் கழற்றி, மேலே இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. அது உட்கார்ந்திருந்த அதே கனெக்டரில் புதுப் பலகையை அழுத்தினால் டிக்கென்று உட்காருகிறது. அவ்வளவுதான். செட்டைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை. இந்த இடத்திலிருந்து இத்தனையாவது பகுதியைக் கொடு என்று அது வழக்கம்போலக் கேட்கிறது, முன்பு லேசர் ஓடிப்போய்ப் படித்துக் கொடுத்ததைப் பலகை இப்போது கார்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. டிரைவின் குரலில் பேசத் தெரிந்த ஒரு பொய்யன், அவ்வளவுதான். கார்டில் 01, 02 என்று எண் போட்ட ஃபோல்டர்கள், முதலாவதில் மெனு, மற்றதில் ஒவ்வொரு தட்டின் நகல். 64 ஜிபி கார்டில் ஐம்பது கேம் போல அடங்கும்.

உண்மையான வேலை மற்ற இடங்களில்தான் இருந்தது. டிரைவின் மோட்டாருக்கென்று வருகிற 12 வோல்ட்டை இப்போது யாரும் இழுப்பதில்லை, அதனால் பவர் சப்ளை சூடாகும் என்று சிலர் அந்த வழியில் ஒரு ரெசிஸ்டரை வைத்துச் சும்மாவாவது சுமை கொடுப்பார்கள். எங்கள் வீட்டு வெக்கைக்கு நான் செட்டுக்குள் இன்னொரு அடுப்பை வைக்க விரும்பவில்லை, காற்றோட்டத்தைப் பார்த்துக்கொண்டு விட்டுவிட்டேன். பவர் சப்ளையிலிருந்து மெயின் போர்டுக்கு ஏறுகிற ஊசிகள் நம் ஊர் ஈரத்தில் கறுத்துப்போயிருந்தன. டிரீம்காஸ்ட் விளையாட்டின் நடுவில் தானாக ரீசெட் ஆவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். தேய்த்துத் துடைத்தேன். கண்ட்ரோலர் பலகையில் பற்றவைத்திருந்த சின்ன பேட்டரி செத்து, ஒவ்வொரு முறையும் தேதி கேட்டுக்கொண்டிருந்தது, அதைப் பிடுங்கி ஒரு கூடு வைத்தேன். அப்பாடா, அதற்காவது ஈயம் தேவைப்பட்டது. பவர் சப்ளைக்குக் கீழே ஒரு கரப்பான் குடும்பம் பல தலைமுறை வாழ்ந்து போயிருந்தது, அதை விவரிக்க வேண்டாம்.

பலகைக்குக் கொடுத்தது 180 வெள்ளி. அது சீன நகல். டிரீம்காஸ்டுக்கு இந்த மாதிரி பலகையை முதலில் பிரபலமாக்கியவர் ஐரோப்பாவில் தனியாளாக வடிவமைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து விற்றவர். வாங்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் நகல்கள் புகுந்துவிட்டன. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் கதையில் யாருடைய கையும் சுத்தமில்லை. மாமா கடையில் ஓடிய தட்டுகளில் ஒன்றுகூட ஒரிஜினல் கிடையாது. செட் எல்லாம் திருட்டுத் தட்டு ஓடுவதற்காகச் சிப் போட்டது, தட்டு பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கியது. 2000-இல் ஆப்டிகல் டிஸ்க் சட்டம் வந்து, தட்டு அச்சடிக்கிற ஆலைகளுக்கு உரிமம் கட்டாயம் என்று ஆனது. அதற்குப் பிறகும் புதன்கிழமை சந்தையில் அப்பாங் பாலேக் கடைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பைல்களில் தட்டு இருந்தது, ஆபீசர் வருகிறார் என்றால் பைல் மறைந்து காலுறை வந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரிஜினலைக் காப்பாற்ற வேண்டும் என்று உருகுகிறவனுக்கு ஒரிஜினல் என்றால் என்னவென்றே தெரியாது என்பதைப் பலகை மாட்டிய அன்று ராத்திரிதான் கண்டுகொண்டேன்.

அந்தப் பாட்டு

மாமாவிடம் இருந்த நாற்பது சொச்சம் தட்டுகளில் மூன்றே மூன்று அசல் ஜிடி-ராம். அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டால் உள்வளையத்தின் சின்னப் பகுதி மட்டும்தான் தெரியும், முக்கியமான வெளிப் பகுதியைச் சாதாரண டிரைவால் பார்க்க முடியாது. காடியில், அதாவது காரில், இருக்கிற சிடி பிளேயரில் போட்டால் ஒரு ஜப்பானியக் குரல் இது கேம் தட்டு, இதில் போடாதே என்று எச்சரிக்கும், மாமா அதைப் போட்டுக்காட்டி எங்களைச் சிரிக்க வைப்பார். மற்ற தட்டுகள் எல்லாம் சாதாரண சிடியில் எரித்தவை. டிரீம்காஸ்டில் மில்-சிடி என்று பாட்டுத் தட்டுகளுக்காக வைத்திருந்த ஒரு வாசல் திறந்து கிடந்தது. 2000-இல் திருட்டு கேம்காரர்கள் அதைக் கண்டுபிடித்த பிறகு செட்டில் சிப்பே போட வேண்டியதில்லை. ஆனால் 1 ஜிபி கேமை 700 எம்பி சிடிக்குள் அடைக்க வேண்டுமே. படங்களைச் சுருக்கினார்கள், பாட்டின் தரத்தைக் குறைத்தார்கள், அதற்கும் அடங்காவிட்டால் எதையாவது வெட்டி எறிந்தார்கள்.

ஆக, அந்த ராத்திரி மாமாவை வரச் சொல்லி, அவருக்குப் பிடித்த ஒரு கார்ப் பந்தய கேமைப் போட்டேன். அவரிடம் தட்டு இருந்தும் கார்டில் நான் போட்டது இணையத்திலிருந்து இறக்கிய முழு நகல், அதையும் மறைப்பானேன். மாமா கண்ட்ரோலரைப் பிடித்தார், வண்டி கிளம்பியது, பாட்டும் கிளம்பியது. மாமா விளையாடுவதை நிறுத்திவிட்டார். வண்டி போய்ச் சுவரில் மோதி நின்றது. "இதுல பாட்டு இருக்கா?" என்றார்.

இருபது வருடம் அந்த கேமை அவர் இன்ஜின் சத்தத்தோடு மட்டும் விளையாடியிருக்கிறார். அவருக்கு மட்டுமல்ல, அவர் வீட்டு ஹாலில் விளையாடிய எங்கள் எல்லோருக்கும் அது பாட்டே இல்லாத கேம். பாட்டை யாரோ ஒருவர், எந்த ஊரிலோ, இடம் போதாமல் வெட்டியிருக்கிறார். நான் செத்துக்கொண்டிருந்த அந்த லேசரின் உயிரை உறிஞ்சி உறிஞ்சிப் படிக்க வைத்தது அந்த வெட்டுப்பட்ட தட்டைத்தான். மாமா திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, ஓட்டாமல், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பாட்டு முழுவதையும் கேட்டார். பேரன் வீடியோ காலில் இருந்தான், "தாத்தா, ஏன் ஓட்டல?" என்று இரண்டு தடவை கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை.

ஈப்போ நண்பருக்குப் போன் செய்து அந்த நாதஸ்வர வசனத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. தட்டு மாற்றும்போது மூடியைத் திறக்கிற சுகம் போய்விட்டதே என்று மட்டும் கொஞ்சம் புலம்பினேன், இன்றைக்கும் புலம்புகிறேன். அதற்கு அவர் சொன்ன வைத்தியம், விளையாடும்போது தட்டின் கவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. செய்து பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. பழைய டிரைவை மாமா எடுத்துப்போய்விட்டார். திருகையெல்லாம் திரும்பப் பழைய அளவுக்கே வைத்துத்தான் கொடுத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். டிரீம்காஸ்ட் ஹாலில் ஓடிக்கொண்டிருந்தது. தட்டு சுற்றுகிற சத்தம் இல்லை, லென்ஸ் தட்டுகிற சத்தம் இல்லை, இழுவையும் இல்லை. உங்களுக்கு இப்போது கேட்க ஒன்றும் இல்லையே மாமா என்று விளையாட்டாகச் சொன்னேன். அவர் கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். டிவி சத்தத்தைக் குறைத்தார். குனிந்து செட்டின் பக்கவாட்டில் காதை வைத்தார், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"காத்தாடி," என்றார். "பேரிங் போவுது. முன்னாடி டிரைவ் சத்தத்துல இது கேக்கல."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து ஒரு ஃபேனுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன், வருவதற்குப் பத்து நாள் ஆகுமாம்.